மணலில் பிரேக் மிதிக்காத கீதாக்கா

கீதாக்கா டிராக்டரை ரிவர்ஸ் எடுத்தால் வங்காள விரிகுடா நாலு அடி பின்னால் தள்ளி நின்று வழி விடும். அமாவாசை அலைகூட அவங்க ஹாரன் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எவ்வளவு தூரம் ஏறலாம்னு முடிவு பண்ணும். நிலாவுக்கு வண்டி அனுப்புகிறவர்கள் அதை ஓட்ட ஆள் தேடினால் நேராக பழவேற்காட்டுக்குத்தான் வரணும், அங்கேயும் மணல்தானாம். இதில் பாதி பொய். எந்தப் பாதின்னு ஞாயிற்றுக்கிழமை ஜீப் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் தாங்களே மணலில் இறங்கித் தெரிந்துகொள்ளட்டும்.

இதை எழுதச் சொன்னது எங்கள் குப்பத்துத் தலைவர். தார் ரோடு முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில் ஊர் ஒரு போர்டு வைக்கப் போகிறது. அதன் பக்கத்தில் கீதாக்கா யாருன்னு ஒரு பக்கம் ஒட்டணுமாம். நான் பதினொன்றாவதைப் பாதியில் விட்டவள். ஆனாலும் ஊரில் படிக்கிற மாதிரி இருப்பது என் கையெழுத்து ஒன்றுதான். "கிண்டல் பண்ணாம எழுது"ன்னார் தலைவர். ஒரு பக்கம் கேட்டார், கை நிற்கவில்லை.

எங்கள் ஊருக்கு முன்பக்கம் கடல், பின்பக்கம் ஏரி. நடுவில் மணல், அதன் மேல் நாங்கள். கடலுக்குப் போய்த் திரும்புகிற ஃபைபர் போட்டுகளைக் கரை ஏற்ற முன்பெல்லாம் ஒரு போட்டுக்கு இருபது பேர் கயிறு பிடிப்பார்கள். ஊர் சேர்ந்து ஒரு பழைய டிராக்டர் வாங்கிய பிறகு ஒரு ஆள் போதும்னு ஆனது. அந்த ஆள் முதலில் இளங்கோவன் மாமா, கீதாக்காவின் வீட்டுக்காரர். அவருக்குச் சோறு கொண்டுபோகிற அக்கா, தூக்கைக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப மாட்டாங்க. மட்கார்டு மேல் உட்கார்ந்து அவர் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே இருப்பாங்க. புருசன் மேல் அவ்வளவு ஆசைன்னு ஊர் நினைத்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மாமா டெங்கு வந்து பொன்னேரி ஆஸ்பத்திரியில் படுத்தார். அன்றைக்குக் காலையில் பதினோரு போட்டு அலைக்கு வெளியே நிற்கிறது. டிராக்டரை யார் எடுப்பதுன்னு கரையில் ஆம்பளைகள் சண்டை. நீயா நானான்னு லுங்கியை மடித்துக் கட்டுகிற கட்டத்துக்கு வந்தபோது பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கீதாக்கா தண்ணீர் ஓரத்தில் நிற்கிறாங்க, கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, "யாராச்சும் மாட்டறீங்களா, இல்ல அதுக்கும் நானே எறங்கணுமா"ன்னு கேட்டுக்கொண்டு.

பதினோரு போட்டும் ஏறியது. மாமா குணமாகி வந்து, கரையில் நின்று ரெண்டு போட்டு ஏறுவதைப் பார்த்தார். இறால் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் போனார். இன்னும் ஏரியில்தான் இருக்கிறார், சந்தோஷமாக. "அவகிட்ட போய் சாவியக் கேக்கற தெம்பு எனக்கு இல்லப்பா"ன்னுவார்.

அக்கா வேலை செய்வதை ஒரு நாளாவது பார்க்கணும். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு தண்ணீர் வரைக்கும் நடப்பாங்க. நேற்று கெட்டியாக இருந்த இடம் இன்றைக்குப் பொதுக்குன்னு இருக்கும். அது காலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாதுன்னு சொல்வாங்க. அப்புறம் ஒரு தீக்குச்சியால் வால்வை அழுத்தி டயரிலிருந்து கொஞ்சம் காற்றை வெளியே விடுவாங்க. காற்று குறைந்த டயர் யானைக்கால் மாதிரி அகலமாகப் பரந்து மணல் மேல் நிற்கும். காற்று நிறைந்த டயர் கத்தி மாதிரி உள்ளே இறங்கும். அதோடு முக்கியமான ஒன்று: அக்கா பிரேக் மிதிக்க மாட்டாங்க. மணலில் பிரேக் பிடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்துவிடும், கிளம்பும்போது அதுவே குழியாகிவிடும். கிளட்சை மட்டும் மிதித்தால் போதும், மணலே வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

லீவு நாளில் வெளியூரிலிருந்து ஜீப்புகள் வரும். பெரிய பெரிய சக்கரம், கூரை மேல் விளக்கு, பக்கத்தில் ஒட்டின புலி படம். மணலில் நூறு அடி வரும், நின்றுவிடும். கீதாக்கா கயிறு கட்டி இழுப்பாங்க. இழுப்பதற்கு முன்னால் ஓட்டினவரை ஷூவைக் கழற்றச் சொல்லி வண்டியைச் சுற்றி நடக்க வைப்பாங்க.

"எங்க மெத்துனு இருக்குது சார்?"

"இங்க... இங்கதான் மேடம்."

"அங்கதான் ஏத்தியிருக்கீங்க. போய் உக்காருங்க."

இந்தக் காணும் பொங்கலன்று வந்த ஒரு ஜீப் மட்டும் மணலில் மாட்டவில்லை. மாட்டியிருக்கலாம். காயப்போட்டிருந்த எங்கள் நைனாவின் வலை மேல் ஏறி, வலையைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு முப்பது அடி இழுத்துக்கொண்டு போய் நின்றது. அது நின்ற இடத்துக்கு நாலு முழம் தள்ளி ஒரு கைக்குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஓட்டினவர் கெட்டவர் இல்லை, இறங்கினதும் தூளியைத்தான் முதலில் எட்டிப் பார்த்தார். பர்ஸைத் திறந்து கார்டைக் காட்டினார்.

"பதினஞ்சு வருஷமா லைசென்ஸ் இருக்கு மேடம். ஒரு ஆக்சிடென்ட் கிடையாது."

கீதாக்கா கார்டை வாங்கி ரெண்டு பக்கமும் பார்த்தாங்க. "இது தாருக்குக் குடுத்தது சார். இங்க தாரு எங்க இருக்குது, காட்டுங்க."

அடுத்த வாரம் ஊர் கூட்டம். அக்கா எழுந்து நின்றாங்க. பெண்கள் எழுந்தால் சில ஆம்பளைகள் வானத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கும் வானத்தில் நிறைய விஷயம் இருந்தது போல.

"ஏரியில எந்த நாளு யாரு எந்த எடத்துல வலை போடறதுன்னு பாடு வெச்சிருக்கோம். சீட்டு எடுத்து, முறை போட்டு. அடுத்த ஊர்க்காரன் கேக்காம நம்ம பாட்டுல எறங்கினா வுடுவமா?"

"வுட மாட்டோம்," என்றார் எங்கள் நைனா அர்ஜுனன். வலை போன ஆள், கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"தண்ணிக்கு அவ்ளோ சட்டம் வெச்சிருக்கோம். மணலுக்கு இன்னா வெச்சிருக்கோம்? ரோட்டுக்கு ஒரு லைசென்ஸ் இருக்கற மாதிரி மணலுக்குத் தனியா ஒண்ணு வேணும். எறங்கறதுக்கு முன்னாடி ஓட்டிக் காட்டட்டும். தெரியலன்னா வண்டிய ரோட்டுலயே வுட்டுட்டு நடந்து வந்து கடலப் பாக்கட்டும். கடலு ஒண்ணும் கோச்சுக்காது."

மோகன்குமார் அண்ணன் எழுந்தார். வறுத்த மீன் கடை வைத்திருப்பவர். ஜீப்பில் வருகிறவர்கள்தான் அவர் கடையில் சாப்பிடுவார்கள்.

"லைசென்ஸ் குடுக்கறது சர்க்காரு வேலை. நமக்கு இன்னா அதிகாரம்? எவனோ ஒருத்தன் பண்ண தப்புக்கு வரவன் எல்லாருக்கும் பரீட்சை வெச்சா, இனிமே எவன் வருவான்? அப்படியே வெச்சாலும் ஓட்டத் தெரிஞ்சவன் தெரியாதவன்னு யாரு சொல்றது?"

கேட்டால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"கீதா சொல்லட்டும்," என்றார் நைனா.

"சரி, கீதாவே சொல்லட்டும்," என்றார் மோகன்குமார் அண்ணன், இனிப்பாக. "அதுக்கு முன்னாடி கீதா தன் லைசென்ஸக் கொஞ்சம் காட்டட்டும்."

வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கீழே பார்த்தார்கள். அக்காவிடம் லைசென்ஸ் கிடையாது. ஆறு வருஷத்தில் டிராக்டரோடு ஒரு தடவைகூட ரோடு ஏறினதில்லை. டீசலே கேனில்தான் வரும்.

"இல்ல," என்றாங்க, மழை இல்லைன்னு சொல்கிற மாதிரி.

தலைவர் யோசித்துச் சொன்னார். லைசென்ஸ் இல்லாத ஆள் கையில் ஊர் வண்டி இருந்து ஏதாவது ஆனால் ஊர்தான் பதில் சொல்லணும். ரெண்டு மாசம் டைம். அதற்குள் கீதா லைசென்ஸ் வாங்கணும். இல்லைன்னா சாவி வரதனுக்கு. வரதன் அண்ணன் லாரி ஓட்டினவர், ஹெவி லைசென்ஸே வைத்திருக்கிறார். மணலுக்குச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

சாவி போனால் அக்கா பழையபடி கருவாடு காயவைக்கணும். அது மட்டமான வேலைன்னு அவங்க ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த ரெண்டு மாசமும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேதான் குளிக்கப் போனாங்க.

டெஸ்ட்டுக்கு காட்டூர் நெல் விவசாயி ஒருவரின் டிராக்டரைக் கேட்டு வாங்கினோம். ஃபாரம் நிரப்ப ஆள் வேணும்னு நானும் போனேன். டெஸ்ட் மைதானத்தில் இறங்கினதும் அக்கா பழக்கத்தில் முதல் வேலையாகத் தீக்குச்சியை எடுத்து டயரில் காற்றை விட ஆரம்பித்தாங்க. வண்டிக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்தார். "இன்னாம்மா பண்ற, பஞ்சர் பண்றியா?"

அதிகாரி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் போகச் சொன்னார், போனாங்க. பின்னால் வரச் சொன்னார். அக்கா ரெண்டு கம்பங்களுக்கு நடுவில் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ரிவர்ஸ் வந்தாங்க. அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். இதோடு பாஸ்தான்னு நான் வண்டிக்காரரிடம் சொன்னேன்.

"சரிம்மா, முன்னால வந்து அந்த வெள்ளைக் கோட்டுல நிறுத்து."

அக்கா வந்தாங்க. கோடு வந்தது. கிளட்சை மிதித்துவிட்டு, மணல் பிடித்து நிறுத்தும்னு காத்திருந்தாங்க. மணல் இல்லை. வண்டி கோட்டைத் தாண்டியது. கம்பம் ஒன்று நின்றிருந்தது, அது படுத்தது. அப்புறம் வேலி ஓரத்துப் புல்லில் ஏறி, அங்கே கொஞ்சம் மணல் இருந்ததால் நின்றது.

அதிகாரி நடந்து வந்தார். கோபமாகக்கூட இல்லை.

"பிரேக் எங்க இருக்குன்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

"மிதிச்சிருக்கலாமே?"

"மிதிச்சு பழக்கமில்ல சார்."

"எத்தன வருஷமா ஓட்டற?"

"ஆறு வருஷம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிவர்ஸுக்கு மட்டும்னு ஒரு லைசென்ஸ் இருந்தா கண்ண மூடிக்கிட்டு குடுத்துடுவேன்"னு சொல்லிவிட்டு ஃபெயில் போட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குத் தெரிந்த எல்லா ஜோக்கையும் சொன்னேன். அந்த அதிகாரி மாதிரி நடித்தும் காட்டினேன். முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாங்க, ஒரு கை இடுப்பில் சாவி மேல். திருப்பாலைவனம் வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன்.

வேறு யாராவதாக இருந்தால் ஊர் கூட்டத்தில் அதிகாரியைத் திட்டியிருப்பார்கள். நான் அதற்கு வசதியாக ரெண்டு மூன்று வசனம்கூட எழுதிக் கொடுத்தேன். அக்கா சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாங்க.

"ஃபெயில் போட்டது சரிதான். தாருல எனக்கு ஓட்டத் தெரியல. தெரியாதவள தாருல வுடக் கூடாது. அதையேதான் நானும் மணலுக்குக் கேக்கறேன்."

தலைவர் தலையை ஆட்டினார். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான், சாவி வரதன் அண்ணன் கைக்குப் போனது.

அதோடு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. ரெண்டு நாள் காலையில் வரதன் அண்ணனைச் செருப்பைக் கழற்ற வைத்து மணலில் நடத்திக் கூட்டிப் போனாங்க. எங்கே கெட்டி, எங்கே பொதுக்கு, எவ்வளவு காற்று விடணும், பிரேக்கை ஏன் மறக்கணும், எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. எனக்கு எரிச்சலாக வந்தது.

"உங்க வேலைய எடுத்துக்கறவனுக்கு எதுக்குக்கா கத்துக் குடுக்கறீங்க?"

"போட்டு நம்ம ஊரு போட்டுடி. அவன் முழிச்சா போட்டுதான ஒடையும்?"

வரதன் அண்ணன் எட்டு நாள் ஓட்டினார். நிதானமாக, பயந்து பயந்து, ஆனால் ஒரு தப்பும் இல்லாமல். மோகன்குமார் அண்ணன் தினமும் கரைக்கு வந்து ஏதோ தன் பிள்ளை பரேடு போகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பதாவது நாள் எங்கள் நைனாவின் போட்டைக் கொக்கி மாட்டி இழுக்கும்போது டிராக்டரின் இடது பக்கப் பின்சக்கரம் மணலில் இறங்கியது. வலது பக்கம் மேலேயே நிற்கிறது, இடது பக்கம் மட்டும் அச்சு வரைக்கும். மணலுக்கு என்ன கோபமோ. போட்டு பாதி தண்ணீரில், பாதி கரையில். ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் உள்ளே ஏறியது. மீன் மறுபடியும் கடலுக்குப் போகிறதுன்னு யாரோ சொல்ல, நைனா அவரைப் பார்த்த பார்வையில் அந்த ஆளும் கடலுக்கே போயிருப்பார். பின்னால் இன்னும் ஒன்பது போட்டு காத்திருந்தது.

கருவாட்டுத் தட்டியிலிருந்து கீதாக்காவைக் கூட்டி வந்தார்கள். சேலை மேல் போட்டிருந்த சட்டையில் செதில் ஒட்டியிருந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாங்க. இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, டயர் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தாங்க. அப்புறம் காற்றைத் திறந்துவிட்டாங்க. சக்கரத்துக்குக் கீழே பழைய வலையைத் திணிக்கச் சொன்னாங்க. ஏறி உட்கார்ந்து, முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண்னு தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டி, ஆறு நிமிஷத்தில் வெளியே எடுத்தாங்க. பின்னாலேயே போட்டு வந்தது. கரையே கை தட்டியது. நானும் தட்டினேன், எல்லாரையும்விட அதிகமாக.

சாயந்திரம் கூட்டம். முதலில் பேசினது வரதன் அண்ணன்தான். "எனக்கு ஹெவி லைசென்ஸ் இருக்குது. காலையில அது என் பாக்கெட்லதான் இருந்துச்சு. பாக்கெட்டு நனைஞ்சதுதான் மிச்சம். சாவி கீதாவுது." இப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும். அவர் சொன்னபோது ஏனோ என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தலைவர் முடிவைச் சொன்னார். தாருக்கு சர்க்கார் லைசென்ஸ், மணலுக்கு ஊர் சீட்டு. வெளி வண்டி எதுவாக இருந்தாலும் மணலில் இறங்குவதற்கு முன்னால் கீதாவிடம் ஓட்டிக் காட்டணும், சரின்னு சொன்னால் இறங்கலாம், இல்லைன்னால் ரோட்டோடு சரி. கீதாவும் அடுத்த மாசம் டெஸ்ட்டுக்குப் போய் சர்க்கார் லைசென்ஸை வாங்கிவிடணும். மோகன்குமார் அண்ணன்கூட, போர்டைத் தன் கடைக்குப் பக்கத்தில் வைத்தால் காத்திருக்கிறவர்கள் சாப்பிடலாமேன்னு ஒத்துக்கொண்டார்.

சாவியை நீட்டினார்கள். அக்கா வாங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாங்க.

கிடைக்காதான்னு ஏங்கினது கைக்கு வரும்போது வேண்டாம்னு சொல்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பெரிய மனுஷி, அவ்வளவுதான் சொல்ல முடியும். இப்போது தினமும் சாயந்திரம் புயல் பாதுகாப்புக் கட்டிடத்துச் சிமென்ட் வாசலில், மீன் ஏற்றுகிற குட்டி யானை வண்டியை வைத்துப் பிரேக் மிதிக்கப் பழகறாங்க. ஒவ்வொரு தடவையும் வண்டி சடக்குன்னு நிற்கும்போது முகத்தில் ஒரு ஆச்சரியம் வருகிறது. ஜீப்பில் வருகிற அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களுக்குப் பரீட்சை வைக்கப் போகிறவர் இவர்தான். ஷூவைக் கழற்றத் தயாராக வாருங்கள்.

போர்டுக்கு நான் எழுதி வைத்தது இவ்வளவுதான். சனிக்கிழமை சாயந்திரம் கீதாக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கருவாட்டைக் கூடையில் அடுக்கிக்கொண்டே கேட்டாங்க. நிலா வரும் இடத்தில் சிரித்தாங்க. வரதன் அண்ணன் பேசின இடத்தில் கை நின்றது.

"எப்படிக்கா?"

"நல்லாத்தான் எழுதற. எடது பக்கம் மட்டும் பொதைஞ்சுதுன்னு எழுதியிருக்க."

"ஆமா, அப்படித்தான?"

"ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல நாலு அடி. அங்க ஒரு மணலு, இங்க ஒரு மணலா?"

"மணலு அப்படித்தான்க்கா. நீங்களே சொல்லுவீங்களே."

"வரதன் அன்னிக்கு ரெண்டு பக்கமும் காத்த எறக்கி வுட்டான். உங்க நைனாவே பாத்திருக்காரு. வுட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கான்."

"ஒரு பக்கம் மறந்திருப்பாரு."

"இருக்கும்." அக்கா கூடையை என் பக்கம் தள்ளி, வாயைக் கட்டச் சொன்னாங்க. நான் கயிறு போட்டுக்கொண்டிருந்தேன். "உங்க இளங்கோவன் மாமா இன்னா சொல்றாரு தெரியுமா? யாராச்சும் திரும்ப காத்து ஏத்தியிருந்தா எஞ்சின் வெச்ச பம்புலதான் ஏத்தியிருக்கணுமாம். சைக்கிள் பம்புல அந்த டயரு ஏறாதாம். ரெண்டாயிரம் தடவ அடிச்சாலும் ஏறாதாம்."

"ரெண்டாயிரமா? மாமா சும்மா அளக்கறாரு. நானூத்திப் பத்துலயே கல்லு மாதிரி..."

கயிறு என் கையில் அப்படியே நின்றது.

அக்கா கத்தவில்லை. "நானூத்திப் பத்து," என்றாங்க, மனசுக்குள் எழுதி வைத்துக்கொள்கிற மாதிரி. "வலது பக்கத்துக்கு?"

"கை வலிச்சிருச்சுக்கா."

"அதான பாத்தேன்."

என் வலது கையை இழுத்து உள்ளங்கையைப் பார்த்தாங்க. கொப்புளம் ஆறி தோல் உரிந்திருந்தது. அதை ஒரு தடவை கட்டைவிரலால் தடவிவிட்டு, கையைக் கீழே போட்டாங்க.

"எனக்கோசரம்தான் பண்ண. தெரியுது. எட்டு நாளு ஒழுங்கா ஓட்டினவன் ஒம்போதாவது நாளும் ஓட்டியிருப்பான். அவன ஊரு முன்னாடி தல குனிய வெச்சிட்டு, நாளைக்கு எவனோ ஜீப்புக்காரன் கிட்ட போய் ஓட்டிக் காட்டுன்னு நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது?"

"சொன்னா சாவி உங்களுக்கு வராதுக்கா."

"வராட்டி போவுது. வரதனும் ஓட்டட்டும், நானும் ஓட்டறேன். எவனும் வண்டியில கை வெக்காம இருக்கட்டும், ஊரு பாத்து முடிவு பண்ணட்டும்." எழுந்து சட்டையில் ஒட்டின செதிலைத் தட்டினாங்க. "கெளம்பு. வரதன் வூட்டுலதான் இருப்பான்."

"இப்பவேவா?"

"இப்பவே. அவன் வூட்டுக்கு அப்புறம் தலைவரு வூடு, அப்புறம் உங்க நைனா."

"நைனாவும் வேணுமாக்கா?"

"அவரு மீனுதான போச்சு?" ரெண்டடி நடந்தவங்க நின்று திரும்பிப் பார்த்தாங்க. "நானூத்திப் பத்துன்னே சொல்லு. முன்னூறுன்னு கொறைக்காத."